ஜே. சி. குமரப்பா

ஜே. சி. குமரப்பா (ஜனவரி 4, 1892 – ஜனவரி 30, 1960) தமிழ்நாட்டைச் சேர்ந்த பொருளியல் அறிஞரும் விடுதலைப் போராட்ட வீரரும் ஆவார். காந்தியப் பொருளியலுக்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தவர்களுள் முதன்மையானவர். மக்களின் தேவைகளை நிறைவு செய்யும் முயற்சி, இயற்கை ஈடுசெய்யக்கூடிய அளவைத் தாண்டக்கூடாது என்பது இவரது அடிப்படைக் கருத்து. சூழலியல் என்னும் சொல் பரவலாக அறியப்படாத காலத்திலேயே இவர் இதனை எடுத்துரைத்தார்.

இளமையும் கல்வியும்

குமரப்பா தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். இவரது இயற்பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியசு. இலண்டனில் கணக்காய்வுப் பயிற்சி பெற்ற பின் பம்பாயில் கணக்காய்வுத் தொழில் நடத்தினார். 1927 இல் அமெரிக்கா சென்று சிராக்கியூசு பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகமும், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் செலிக்மனிடம் பொது நிதியியலும் பயின்றார். அங்கு மேற்கொண்ட ஆய்வு, இந்தியாவின் வறுமைக்கும் ஆங்கில ஆட்சியின் வரி, செலவுக் கொள்கைகளுக்கும் உள்ள தொடர்பை இவருக்கு உணர்த்தியது. தாயகம் திரும்பியதும் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா என்பதை ஏற்றுக்கொண்டார்.

காந்தியுடன் பணி

1929 மே மாதம் சபர்மதி ஆசிரமத்தில் காந்தியைச் சந்தித்தார். குமரப்பாவின் ஆய்வுக் கட்டுரையைக் காந்தி தமது யங் இந்தியா இதழில் தொடராக வெளியிட்டார். குசராத்தின் மாத்தர் வட்டத்துக் கிராமங்களில் பொருளாதாரக் கணக்கெடுப்பு நடத்தும் பொறுப்பும் இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. குசராத் வித்தியாபீட மாணவர்களுடன் கிராமங்களுக்குச் சென்று நிலம், கால்நடை, வருமானம், கடன் ஆகியவற்றைப் பற்றிய தகவல்களைத் திரட்டினார். முதலில் அளந்து அறிதல், பின்னர் திட்டமிடுதல் என்ற முறையை இவர் இறுதிவரை கைவிடவில்லை.

1934 இல் அனைத்திந்தியக் கிராமத் தொழில்கள் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் செயலாளரானார். சங்கத்தின் தலைமையிடமான வார்தா மகன்வாடியில் செக்கு எண்ணெய், கைக்குத்தல் அரிசி, கைத்தாள், தேனீ வளர்ப்பு முதலிய தொழில்களில் ஆய்வும் பயிற்சியும் நடைபெற்றன. மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கும் அங்கு உருவாக்கப்பட்டது.

நிலைத்த பொருளாதாரம்

வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது சிறைப்பட்ட குமரப்பா, சிறையில் எகானமி ஆஃப் பெர்மனன்சு என்னும் ஆங்கில நூலை எழுதினார். தலைப்பின் பொருள் நிலைத்த பொருளாதாரம் என்பதாகும். 1945 ஆகத்தில் காந்தி இதற்கு முன்னுரை எழுதினார்.

இயற்கையில் காணப்படும் வாழ்முறைகளைக் கொண்டு பொருளாதாரத்தை இவர் ஐந்து வகைகளாகப் பிரித்தார்.

1. ஒட்டுண்ணி முறை: புலி ஆட்டைக் கொன்று உண்பது போல, தனக்குப் பயன் தருவதையே அழிப்பது.
2. பறிப்பு முறை: தான் வளர்க்காத மாமரத்தின் பழத்தைக் குரங்கு தின்பது போன்றது.
3. முயற்சி முறை: தன் உழைப்பால் கூடு கட்டும் பறவையைப் போன்றது.
4. கூட்டு முறை: தேனீக்கள் கூட்டம் முழுமைக்கும் தேன் சேர்ப்பது போன்றது.
5. சேவை முறை: கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவையைப் போன்றது.

வளங்களை இருப்பு வளம், ஓட்ட வளம் என்றும் இவர் வேறுபடுத்தினார். நிலக்கரி, கன்னெய் போன்றவை எடுக்க எடுக்கக் குறைபவை. ஆண்டுதோறும் வளரும் மரமும் பயிரும் ஓட்ட வளங்கள். இருப்பை நம்பிய பொருளாதாரம் போட்டிக்கும் போருக்கும் இட்டுச் செல்லும் என்பது இவர் கணிப்பு.

ஒரு இலட்சம் மக்களுக்கான சமநிலைச் சாகுபடித் திட்டம் ஒன்றையும் வகுத்தார். ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,860 கலோரி உணவும் ஆண்டுக்கு 25 கெசம் துணியும் கிடைக்க எந்தப் பயிரை எவ்வளவு நிலத்தில் விளைவிக்க வேண்டும் என்று அதில் கணக்கிட்டார். சந்தை விலைக்கு முன்பாக ஊரின் தேவை கருதப்பட வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

பனையும் கரும்பும்

சங்கம் முன்னெடுத்த தொழில்களுள் பனைவெல்லம் ஒன்று. கரும்பு நல்ல நிலத்தையும் பாசன நீரையும் உணவுப் பயிரிடமிருந்து பறித்துக்கொள்கிறது, பனையோ பாசனமின்றி வளர்கிறது என்பது இதற்கான வாதம். இவ்வாதத்திற்குத் திருநெல்வேலிச் சீமை நல்ல எடுத்துக்காட்டாகும். 1986 வரை அம்மாவட்டத்தில் இருந்த திருச்செந்தூர், சாத்தான்குளம், உடன்குடி வட்டாரத்துச் செம்மணல் தேரிகளில் பனைமரங்கள் செழித்து வளர்கின்றன. எனினும் பதநீர் காய்ச்ச விறகு மிகுதியாகத் தேவை. பனையேறுதல் ஆபத்தும் கடும் உழைப்பும் நிறைந்தது. ஆகவே ஓட்ட வளமாயினும் அதற்கும் எல்லை உண்டு.

தாமிரபரணியும் இக்கருத்தும்

குமரப்பாவின் வகைப்பாட்டைத் தாமிரபரணிக்குப் பொருத்திப் பார்க்கலாம். பொதிகை மலையில் தோன்றி இருபருவ மழையாலும் நீர் பெறும் இந்த ஆறு ஓர் ஓட்ட வளம். எட்டு அணைக்கட்டுகளின் வழியே கார், பிசானம் ஆகிய பருவங்களில் நெல் விளைகிறது. ஆற்று மணலோ மிக மெதுவாகப் படிவது. படிவதைவிட விரைவாக அள்ளும்போது அது இருப்பு வளமாகிவிடுகிறது. கட்டடங்களுக்கு மணல் தேவை என்பதும் உண்மையே. ஆனால் மணல் குறைந்தால் ஆற்றுப்படுகை தாழ்ந்து கால்வாய்களும் கிணறுகளும் பாதிக்கப்படுகின்றன. இரா. நல்லகண்ணு தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2010 இல் தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்தாண்டுகள் தடை விதித்தது.

திறனாய்வு

குமரப்பாவின் கருத்துகள் அவர் காலத்திலேயே மறுக்கப்பட்டன. 1938 இல் அமைக்கப்பட்ட தேசியத் திட்டக் குழுவில் இடம்பெற்ற இவர், பெருந்தொழில்களுக்கு முதன்மை தரும் போக்குடன் உடன்படாமல் விலகினார். வறுமையை நீக்கப் பெருமளவு உற்பத்தி தேவை, கைத்தொழிலின் வருவாய் போதாது என்பது எதிர்த்தரப்பின் வாதம். வேலை எத்தனை பேருக்குக் கிடைக்கிறது, வளம் எத்தனை காலத்துக்கு நீடிக்கும் என்ற இரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பது குமரப்பாவின் நிலைப்பாடு. விடுதலைக்குப் பின் காங்கிரசு நியமித்த நிலச்சீர்திருத்தக் குழுவின் தலைவராக இருந்து 1949 இல் அறிக்கை அளித்தார். உழுபவருக்கே நிலம் சேரவேண்டும் என்பதை அது வலியுறுத்தியது.

இறுதிக் காலமும் தாக்கமும்

வாழ்வின் இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். காந்தியின் நினைவு நாளான ஜனவரி 30 அன்றே 1960 இல் காலமானார். பொருளியலாளர் சூமாக்கர் 1973 இல் வெளியான சுமால் இசு பியூட்டிஃபுல் நூலில் இவரை மேற்கோள் காட்டியுள்ளார். வளங்குன்றா வளர்ச்சி பற்றிய இன்றைய உரையாடல்களில் குமரப்பா ஒரு முன்னோடியாகக் கருதப்படுகிறார்.