தையற்காரர் மகன் ஃபூரியர்

ஃபூரியர் சீரிஸ் என்றதும் நம்மில் பலருக்குத் தலை சுத்தும். அந்தப் பெயருக்கு உரியவர் யாருன்னு யாரும் கேட்பதில்லை.

ழோசப் ஃபூரியர் 1768-ல் பிரான்ஸில் ஒசேர் என்ற ஊரில் ஒரு தையற்காரருக்குப் பிறந்தார். பத்து வயது வாக்கில் தாய், தகப்பன் இருவரையும் இழந்தார். துறவிகள் நடத்திய ராணுவப் பள்ளியில் இடம் கிடைத்தது. கணக்கில் புலி! ஆனாலும் பீரங்கிப் படையில் சேர முயன்றபோது, பிரபு வம்சம் இல்லை என்று கதவைச் சாத்திவிட்டார்கள். (வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்த என்னை மாதிரி ஆட்களுக்கு இது சுருக்கென்று படும்.) 1794-ல் புரட்சிக் காலச் சிறை. 1798-ல் நெப்போலியனோடு எகிப்து. பிறகு கிரெனோபிள் நகரில் நம்ம கலெக்டர் மாதிரி ஒரு பதவி. அந்த வேலைக்கு நடுவில்தான் உலோகத்தில் வெப்பம் பரவுவதை ஆராய்ந்தார்.

எந்த வடிவத்தையும் ஸைன், கொசைன் அலைகளைக் கூட்டியே உண்டாக்கலாம் என்று 1807-ல் பாரிஸ் அறிஞர் சபைக்குக் கட்டுரை கொடுத்தார். பெரியவர் லக்ராஞ்ச் ஒத்துக்கொள்ளவில்லை. வழவழப்பான அலைகளைக் கூட்டினால் திடீர்னு எகிறும் மூலை எப்படி வரும்? 1812-ல் பரிசு கொடுத்தார்கள், கூடவே குறையும் சொன்னார்கள். 1822-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். 1830-ல் காலமானார்.

சிக்னலில் இரைச்சல் நீக்க இன்றும் அவர் வழிதான் அடிப்படை. சிக்னலை அதிர்வெண்களாகப் பிரித்தால் ஆம்ப்ளிஃபயரின் 50 ஹெர்ட்ஸ் ஹம் தனியாகத் தெரியும். அதை மட்டும் வெட்டிவிட்டு மீதியைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் ‘உஸ்’ என்ற இரைச்சல் எல்லா அதிர்வெண்ணிலும் பரவிக் கிடக்கும். மேல் அதிர்வெண்களை வெட்டினால் சிக்னலின் மூலையும் சேர்ந்து மழுங்கும். சதுர அலையை லோ பாஸ் ஃபில்டர் வழியாக அனுப்பி சி.ஆர்.ஓ.வில் பாருங்கள், கண்ணாலேயே தெரியும். ஸைன் அலைக்கு ஆரம்பமும் இல்லை, முடிவும் இல்லை. சட்டென்று நடந்ததை இந்த இடம்தான்னு அதனால் சுட்டிக்காட்ட முடியாது. லக்ராஞ்ச் சந்தேகத்திலும் கொஞ்சம் நியாயம் இருந்தது என்பேன்.

1980-களில் அதே பிரான்ஸில், எண்ணெய் தேடும் பணியில் இருந்த ழான் மோர்லே நில அதிர்வு எதிரொலிகளை அலச, தோன்றி உடனே அடங்கும் குட்டி அலைகளை எடுத்தார். அதுதான் வேவ்லெட். அதை நீட்டியும் சுருக்கியும் சிக்னல் மேல் நகர்த்தினால், மூலை உள்ள இடத்தில் எண் பெரிசா வரும். இரைச்சல் சின்னச் சின்ன எண்களாகச் சிதறும். சின்னதைப் பூஜ்யமாக்கிவிட்டுத் திரும்பக் கூட்டினால் மூலை பெரும்பாலும் அப்படியே நிற்கும். எந்த அளவுக்குக் கீழே வெட்டலாம் என்று 1994-ல் டோனோஹோவும் ஜான்ஸ்டனும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

விடாமல் ஒலிக்கும் ஹம்முக்கு மட்டும் வேவ்லெட் வேண்டியதில்லை, ஃபூரியரே போதும்.