பனிக்கடல் கண்ட சமாதானத் தூதர் நான்சன்

வடதுருவம் என்றதும் பியரி, அமுண்ட்சன் ஆகியோரின் பெயர்களே பலருக்கும் நினைவுக்கு வரும். துருவத்தின் உச்சியை எட்டாமலேயே அவர்களுக்கு இணையான புகழ் பெற்றவர் ஒருவர் உண்டு. அவர்தான் நார்வே நாட்டின் பிரிட்ஜாப் நான்சன். பனிக்கடலில் அவர் காட்டிய துணிச்சலை விட, பிற்காலத்தில் பகை நாடுகளுக்கு நடுவே நின்று காட்டிய துணிச்சல் பெரிது. துருவக் கடலைச் சுற்றி மீண்டும் பகை மூண்டிருக்கும் இந்நாளில் அவர் வரலாற்றை அறிவது நல்லது.

பனியோடு மிதந்த கப்பல்

நான்சன் 1861 அக்டோபர் 10-ந் தேதி, இன்றைய ஆஸ்லோ நகருக்கு அருகே பிறந்தார். விலங்கியல் படித்தார். 1888-ல் ஐந்து தோழர்களுடன், சறுக்குக் கட்டைகளின் உதவியால் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைக் குறுக்கே கடந்தார். அவருக்கு முன் எவரும் அதைச் சாதித்ததில்லை.

சைபீரியாவுக்கு வடக்கே 1881-ல் ஜீனெட் என்ற அமெரிக்கக் கப்பல் மூழ்கியது. மூன்று ஆண்டுகள் கழித்து அதன் பொருள்கள் சில கிரீன்லாந்துக் கரையோரம் அகப்பட்டன. துருவக் கடலின் பனி நீரோட்டத்தோடு நகர்கிறது என்பதற்கு இதைச் சான்றாகக் கொண்டார் நான்சன். அனுபவசாலிகள் பலர் அதை ஏற்கவில்லை. அவரோ, பனி நெருக்கினால் நசுங்காமல் மேலே எழும்பும்படி பிராம் என்ற கப்பலைக் கட்டுவித்தார். 1893-ல் 12 பேருடன் புறப்பட்டு, அதை வேண்டுமென்றே பனியில் சிக்க வைத்தார். அவர் கணக்குப்படியே கப்பல் பனியோடு நகர்ந்தது.

ஆனால் துருவத்தின் உச்சி வழியாக அது போகாது என்று தெரிந்ததும், 1895 மார்ச்சில் ஜொஹான்சன் என்ற தோழரையும் 28 நாய்களையும் அழைத்துக் கொண்டு பனி மேல் நடந்தார். 86 டிகிரி 14 நிமிடம் வரை சென்றார். அதுவரை மனிதர் எட்டிய வடகோடி அதுதான். திரும்பும் வழியில் பிரான்ஸ் ஜோசப் தீவுக் கூட்டத்தில் குளிர்காலம் பிடித்துக் கொண்டது. கல் குடிசையில் ஒடுங்கி, கரடி இறைச்சியைத் தின்று இருவரும் உயிர் வாழ்ந்தனர். 1896 ஜூனில் ஜாக்சன் என்ற ஆங்கிலேயர் அவர்களைக் கண்டு ஆதரித்தார். அவருடைய கப்பலிலேயே நாடு திரும்பினர். ஒரு வாரத்தில் பிராம் கப்பலும் பத்திரமாக வந்து சேர்ந்தது.

ரயிலில் கண்ட ரஷ்யா

1905-ல் நார்வே ஸ்வீடனிடமிருந்து பிரிந்தது. சுதந்திர நார்வேயின் முதல் தூதராக நான்சன் லண்டனில் பணியாற்றினார். 1913-ல் காரா கடல் வழியாக எனிசேய் ஆற்றுக்குக் கப்பலில் போனார். ஐரோப்பாவையும் சைபீரியாவையும் வடகடல் வழியே வாணிபத்தால் இணைக்க முடியுமா என்று பார்ப்பது அப்பயணத்தின் நோக்கம். பிறகு சைபீரிய ரயிலில் கிழக்குக் கோடியான விளாடிவாஸ்டாக் வரை சென்றார். ரஷ்ய மக்களோடு அவருக்கு நெருங்கிய பழக்கம் ஏற்பட்டது.

அந்தப் பழக்கம் முதல் உலகப் போருக்குப் பின் பயன்பட்டது. பல நாட்டுப் போர்க் கைதிகள் ரஷ்யாவிலும் பிற நாடுகளிலும் தவித்தனர். ஐ.நா. சபைக்கு முன்னோடியான சர்வதேச சங்கம், 1920-ல் அவர்களை மீட்கும் பொறுப்பை நான்சனிடம் கொடுத்தது. சங்கத்தோடு பேச சோவியத் அரசு மறுத்தது. ஆனால் நான்சனோடு பேசியது. இரண்டே ஆண்டுகளில் சுமார் 4 லட்சத்து 27 ஆயிரம் கைதிகள் வீடு திரும்பினர்.

1921-ல் ரஷ்யாவில் கொடிய பஞ்சம். உணவு அனுப்பக் கடன் கொடுங்கள் என்று ஐரோப்பிய அரசுகளிடம் நான்சன் மன்றாடினார். கம்யூனிஸ்டு அரசுக்கு உதவியதாகிவிடும் என்ற அச்சத்தில் அவை மறுத்தன. நான்சன் மீதும் பழி விழுந்தது. அவர் ஓயவில்லை. தருமச் சங்கங்களிடமும் பொதுமக்களிடமும் கையேந்தி உணவு சேர்த்தார். அமெரிக்கர்கள் தனியாகப் பெரும் உதவி செய்தனர். அப்படியும் பல லட்சம் பேர் மாண்டனர்.

நாடிழந்த அகதிகளுக்காக 1922-ல் அவர் ஏற்பாடு செய்த அத்தாட்சிப் பத்திரம், நான்சன் பாஸ்போர்ட் என்றே பெயர் பெற்றது. 50-க்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றன. அதே ஆண்டு சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பரிசுப் பணத்தையும் நிவாரணத்துக்கே கொடுத்தார்.

நிறைவேறிய ஆசை

ஆகாயக் கப்பலில் துருவப் பகுதியை ஆராயப் பல நாட்டு அறிஞர்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தனர். அதற்கு நான்சனே தலைவர். பயணம் நடக்குமுன் 1930 மே 13-ந் தேதி அவர் காலமானார். மறு ஆண்டு ஜூலையில் ஜெர்மனியின் கிராப் செப்பலின், சோவியத், அமெரிக்க, ஸ்வீடிஷ் அறிஞர்களையும் ஏற்றிக் கொண்டு பறந்தது. நான்சன் குளிர்காலத்தைக் கழித்த அதே தீவுக் கூட்டத்தில் இறங்கி, சோவியத் கப்பலோடு தபால் மாற்றிக் கொண்டது.

இன்று அந்தத் தீவுக் கூட்டத்தில் ரஷ்யாவின் ராணுவ விமானத் தளம் இருக்கிறது. கோடைப் பனி குறைந்து வருவதால், நான்சன் போன வடகடல் பாதைக்கு மவுசு கூடியிருக்கிறது. துருவத்தைச் சுற்றியுள்ள 8 நாடுகள் 1996-ல் ஆர்க்டிக் கவுன்சிலை அமைத்தன. ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் 2008 முதல் ஹிமாத்ரி ஆராய்ச்சி நிலையத்தை நடத்தும் இந்தியா, 2013-ல் அதில் பார்வையாளர் ஆனது. உக்ரைன் போர் மூண்டதும், 2022 மார்ச்சில் மற்ற 7 நாடுகள் ரஷ்யாவுடன் கூடுவதை நிறுத்தின. பின்னர் சில பணிகளே மெல்லத் தொடங்கின. 2023-ல் பின்லாந்தும் 2024-ல் ஸ்வீடனும் நேட்டோவில் சேர்ந்ததால், அந்த 7 நாடுகளும் இப்போது ஒரே ராணுவ அணியில் உள்ளன.

ஆயினும் பேச்சு அடியோடு அறுந்துவிடவில்லை. பேரண்ட்ஸ் கடலில் எவ்வளவு மீன் பிடிப்பது என்பதை நார்வேயும் ரஷ்யாவும் போருக்குப் பின்னும் கூடிப் பேசி முடிவு செய்து வந்திருக்கின்றன. அளவு மீறிப் பிடித்தால் இரு கரை மீனவருக்கும் பிழைப்பு போகும். எதிரியிடமும் பேச வேண்டியதைப் பேசித்தான் ஆக வேண்டும் என்பதே நான்சன் காட்டிய வழி. அதற்காக வரும் பழியை அவர் பொருட்படுத்தவில்லை.