அயலவராக வாழ்ந்த ஒரு வைத்தியர்: மேரி இரத்தினம்

எமது கல்லூரித்தாயின் நூற்றாண்டு மலருக்குக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு பழைய மாணவியர் சங்கத்தினர் கேட்டபோது, நீரிழிவு பற்றியோ குருதியமுக்கம் பற்றியோ எழுதலாம் என்றே முதலில் எண்ணினோம். வைத்தியரிடம் எல்லோரும் எதிர்பார்ப்பது அதைத்தானே! ஆனால் இந்த மலரை வாசிக்கப்போகும் சகோதரிகளில் பலர் இன்று கொழும்பிலும் கண்டியிலும், அதைவிட அதிகமானோர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் முன்பின் அறியாத அயலவர்கள் மத்தியில் குடியிருக்கிறார்கள். அவர்களை நினைத்தபோது எமக்கு மூத்தவரான ஒரு வைத்தியரின் நினைவு வந்தது. இன்று எம்மவர்கள் போய்க் குடியேறியிருக்கும் கனடாவிலிருந்து அன்று எமது நாட்டுக்கு வந்து, தமிழ்க் குடும்பத்தின் மருமகளாகி, அறுபது ஆண்டுகளுக்கு மேல் இங்கேயே வாழ்ந்து மறைந்த டொக்டர் மேரி இரத்தினம் அவர்களே அவர்.

மேரி ஹெலன் இர்வின் என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1873ஆம் ஆண்டு கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் எலோரா என்னும் சிற்றூரில் பிறந்தார். பெண்கள் வைத்தியம் படிப்பதை ஊரே வியப்போடும் சந்தேகத்தோடும் பார்த்த காலம் அது. அக்காலத்தில் ரொறன்ரோவில் வைத்தியக் கல்வி கற்று முடித்து, ஆசியாவில் மிஷன் வைத்தியராகப் பணியாற்ற விரும்பி 1896இல் இலங்கைக்குப் புறப்பட்டார். அவ்வேளையில் அமெரிக்காவில் உயர்கல்வி கற்றுக்கொண்டிருந்த யாழ்ப்பாணத் தமிழரான சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரத்தினம் என்பவரைச் சந்தித்தார். இருவரும் மணம் செய்துகொண்டனர்.

இந்தத் திருமணமே அவர் வாழ்வின் முதற் சோதனையாயிற்று. எந்த மக்களுக்குப் பணிசெய்ய அனுப்பப்பட்டாரோ, அந்த மக்களில் ஒருவரைக் கணவராக ஏற்றுக்கொண்டதை அவரை அனுப்பிய மிஷனால் ஏற்க முடியவில்லை. சுதேசிகளுக்கு மருந்து கொடுப்பது நற்பணி. அவர்களோடு ஒரே வீட்டில் ஒரே மேசையில் உறவினராக இருந்து உண்பது வரம்பு மீறல் என்பதே அக்கால எண்ணம். மிஷன் வைத்தியப் பணி கைநழுவிப் போயிற்று. இருபத்துமூன்று வயது. சொந்த ஊர் ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில். அவர் திரும்பிப் போயிருந்தால் எவரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் போகவில்லை.

கொழும்பில் பெண்களுக்கென அமைந்திருந்த லேடி ஹவ்லொக் ஆஸ்பத்திரியில் சிறிது காலம் பணிபுரிந்த பின், தனியாக வைத்தியத் தொழிலை ஆரம்பித்தார். ஆண் வைத்தியரிடம் தம் நோயைச் சொல்லக் கூசி உள்ளுக்குள்ளேயே புழுங்கிய பெண்கள் அவரைத் தேடிவந்தார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று எல்லா வீட்டுப் பெண்களின் வலியும் அவருக்குத் தெரியவந்தது. எமது தொழிலின் பெரும்பேறு இதுதான் என்று நாம் நினைப்பதுண்டு. பிரசவ வேதனைக்கு இனமும் இல்லை, மதமும் இல்லை என்பதை ஒரு வைத்தியர் புத்தகத்தில் படித்து அறிய வேண்டியதில்லை. ஓரிரவு பிரசவ விடுதியில் கடமையில் நின்றால் போதும்.

ஆனால் டொக்டர் மேரி அவர்கள் நோயாளியைப் பார்த்து மருந்தெழுதுவதோடு நின்றுவிடவில்லை. ஒரு தாய் குணமாகி வீடு செல்கிறாள். அடுத்த ஆண்டு அதே நோயோடு திரும்பி வருகிறாள். கிணறு சுத்தமில்லை, குழந்தைக்குக் கொடுக்கும் பால் சுத்தமில்லை, கையில் காசில்லை, படிப்பில்லை. அதை மருந்துப் போத்தலால் மாற்ற முடியாது என்று கண்ட அவர், பெண்களை ஒன்றுசேர்க்கத் தொடங்கினார். 1904இல் இலங்கைப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். 1909இல் உருவான தமிழ்ப் பெண்கள் சங்கத்தின் ஆரம்பத்திலும் அவருடைய கை இருந்தது. பாடசாலைப் பிள்ளைகளுக்காகச் சுகாதார நூல்களும் எழுதினார்.

1927ஆம் ஆண்டு டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தபோது, பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று கேட்பதற்காகப் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைக்கப்பட்டது. அதில் முன்னின்றவர்களுள் மேரி இரத்தினம் அவர்களும் ஒருவர். அச்சங்கத்தின் செயலாளரான அக்னஸ் டி சில்வா அவர்கள் ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தபோது நடந்த ஒரு சம்பவம் எம் மனதைவிட்டு அகலாதது. தோட்டங்களில் வேலைசெய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமென்றா கேட்கிறீர்கள் என்று அவரிடம் வினவப்பட்டது. கொழும்புச் சீமாட்டிகள் கொஞ்சம் தயங்குவார்கள் என்று எதிர்பார்த்திருக்கலாம். அவரோ தயங்கவில்லை, அவர்களும் பெண்கள்தானே, அவர்களுக்கும் வேண்டும் என்ற பொருள்பட விடையளித்தார். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்குரிமை என்று ஆணைக்குழு முதலில் விதந்துரைத்தபோதிலும், இறுதியில் ஆண்களைப் போலவே இருபத்தொரு வயதுப் பெண்களுக்கும் அது கிடைத்தது. 1931இல் இலங்கைப் பெண்கள் வாக்களித்தார்கள். அந்தத் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோர் 1948இல் குடியுரிமையையும் 1949இல் வாக்குரிமையையும் இழந்தது நாம் எல்லோரும் அறிந்த வேறொரு கதை. வேலிக்கு அப்பால் இருப்பவருக்கும் சேர்த்துக் கேட்பவரே நல்ல அயலவர். தமக்குக் கிடைத்ததும் வேலியை அடைத்துக்கொள்வது மனித இயல்பு. அவ்வியல்பை வெல்லப் பழகவேண்டும்.

டொக்டர் மேரி அவர்களின் பெருஞ்சாதனை லங்கா மகிளா சமிதி ஆகும். 1930ஆம் ஆண்டளவில் கிராமியப் பெண்களுக்காக அவர் தொடங்கிய இவ்வியக்கத்துக்கு முன்மாதிரியாக அமைந்தது, அவர் பிறந்த ஒன்ராறியோ மாகாணத்தில் 1897இல் தோன்றிய பெண்கள் கழகங்களாகும். அக்கழகங்களின் தொடக்கத்துக்குப் பின்னால் ஒரு தாயின் கண்ணீர் இருக்கிறது. அடலெய்ட் ஹூட்லெஸ் என்ற பெண்மணியின் கைக்குழந்தை அசுத்தமான பாலைக் குடித்ததால் இறந்துபோயிற்று என்று சொல்லப்படுகிறது. தாம் அறியாதிருந்ததை மற்றத் தாய்மார் அறியவேண்டும் என்று அவர் தம் துயரத்தை ஊருக்குரிய பாடமாக்கினார். அந்த விதையை மேரி இரத்தினம் அவர்கள் எமது கிராமங்களில் ஊன்றினார்.

சமிதியின் வேலைகள் பார்வைக்குச் சிறியவை. வீட்டுத்தோட்டம் போடுதல், சத்துணவு சமைத்தல், தையல், நெசவு, குழந்தை பராமரிப்பு, மலசலகூடம் அமைத்தல், சிறுசேமிப்பு என்பவைதாம். ஆனால் அவற்றைச் செய்வதற்காக ஓர் ஊரின் பெண்கள் கிழமைக்கொருமுறையோ மாதத்துக்கொருமுறையோ ஒரே இடத்தில் கூடவேண்டியிருந்தது. சாதியாலும் சொத்தாலும் ஒருவர் வீட்டு வாசற்படியை மற்றவர் மிதிக்காதிருந்த ஊர்களில் ஒரே பாயில் அருகருகே அமர்ந்து தைப்பது சிறிய காரியமா? சிநேகம் வளர்ப்போம் என்று கூட்டம் போட்டால் யாரும் வரமாட்டார்கள். பிள்ளைக்குச் சட்டை தைக்கப் பழகலாம் என்றால் வருவார்கள். ஊசியில் நூல் கோத்துத் தரச் சொல்லும்போது பேச்சுத் தொடங்கும். இந்த நுட்பத்தை அவர் நன்கு அறிந்திருந்தார்.

இன்றும் வைத்தியர்களாகிய நாம் அதையே வேறு வகையில் காண்கிறோம். டெங்கு நோயைப் பரப்பும் நுளம்பு சில நூறு மீற்றர் தூரமே பறக்கும். எனவே எமது பிள்ளைக்கு வரும் காய்ச்சல் பெரும்பாலும் எமது வளவிலோ அயல் வளவிலோ கிடந்த சிரட்டையிலிருந்து வந்ததாகவே இருக்கும். 2017ஆம் ஆண்டு இந்நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோய்க்கு ஆளானார்கள். எமது முற்றத்தை மட்டும் கூட்டிவிட்டு மதிலை உயர்த்திக் கட்டுவதால் பயனில்லை. அடுத்த வீட்டாரோடு முகம்கொடுத்துப் பேசும் உறவு இருந்தால்தான் அங்கே தேங்கிக் கிடக்கும் நீரைப் பற்றிச் சொல்லவும் முடியும். எமது வளவில் கிடப்பதை அவர் சொன்னால் கேட்கவும் முடியும்.

இவ்வளவு நல்ல காரியங்களைச் செய்தவரை எல்லோரும் கொண்டாடினார்கள் என்று சொல்வதற்கில்லை. 1930களில் குடும்பக் கட்டுப்பாடு பற்றி வெளிப்படையாகப் பேசி அதற்குச் சிகிச்சை நிலையமும் நடத்த முற்பட்டபோது கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். 1937இல் பம்பலப்பிட்டி வட்டாரத்தில் போட்டியிட்டுக் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். அச்சபைக்குத் தெரிவான முதற் பெண்மணி அவரே. எனினும் சட்ட நுணுக்கமொன்றைக் காட்டி அடுத்த ஆண்டே அப்பதவி பறிக்கப்பட்டது. அப்போது அவர் அறுபது வயதைக் கடந்திருந்தார். கணவரையும் 1929இல் இழந்திருந்தார். அதன்பின்னும் அவர் ஓயவில்லை. சமிதி வேலை தொடர்ந்து நடந்தது. அயலவர்களோடு இணங்கி வாழ்வது என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது அல்ல என்பதற்கு அவர் வாழ்வு சான்று. தமக்குச் சரியென்று பட்டதைச் சொன்னார். சொல்லிவிட்டு அதே மக்கள் மத்தியிலேயே வாழ்ந்தார்.

1958ஆம் ஆண்டு மே மாதம் இந்த நாட்டில் அயலவரை அயலவர் அடித்துத் துரத்திய கொடுமை நடந்தது. எமது பேத்திமார் உயிர் தப்பிக் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்த கதையைச் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் எமது வகுப்பில் பலர் இருந்தார்கள். சிங்கள வீட்டார் தம் அறைக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றிய கதைகளும் அவற்றோடு சேர்ந்தே வந்தன. அதே 1958ஆம் ஆண்டில்தான் ரமொன் மக்சேசே விருது முதன்முறையாக வழங்கப்பட்டது. இந்தியாவின் வினோபா பாவே அவர்களோடு, பொதுச்சேவைக்காக அவ்விருதைப் பெற்றவர் எண்பத்தைந்து வயதான மேரி இரத்தினம் அவர்கள். பிறப்பால் கனேடியர், மணத்தால் தமிழர், பணியால் சிங்களக் கிராமங்களின் தோழி. இப்படியான ஒருவரை இந்நாட்டின் பெயரால் உலகம் கௌரவித்த ஆண்டிலேயே இந்நாடு தன் அயலவர்களைத் தொலைக்கத் தொடங்கியிருந்தது என்பதை எண்ண நெஞ்சு கனக்கிறது. 1962இல் அவர் இயற்கை எய்தினார்.

இவ்விடத்தில் எமது சொந்த வாழ்விலிருந்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் தென்பகுதியில் ஓர் ஊரில் இளம் வைத்தியராகக் கடமையாற்றினோம். வாடகைக்கு இருந்த அறைக்கு அடுத்த வீட்டில் வயதான சிங்கள அம்மா ஒருவர் தனியே இருந்தார். நாம் காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு போவோம். இரவு வந்து கதவைப் பூட்டிக்கொள்வோம். பயம் ஒருபுறம், மொழி தெரியாத கூச்சம் மறுபுறம். பத்தாவது மாதத்தில் எமக்குக் கொப்பளிப்பான் கண்டது. மூன்றாம் நாள் காலை கதவு தட்டும் ஓசை கேட்டது. அந்த அம்மா இலைக்கஞ்சிக் கோப்பையோடு நின்றார். கிட்ட வரவேண்டாம் என்று சைகை காட்டினோம். தமக்குச் சின்ன வயதிலேயே அது வந்துவிட்டது, பயமில்லை என்று அவரும் சைகையாலேயே சொல்லிவிட்டு உள்ளே வந்தார். சுகம் வரும்வரை கஞ்சி தவறவில்லை. அவரின் பெயர் என்ன என்று அன்றுதான் கேட்டோம். பத்து மாதங்களாக நாம் அவருக்கு வைத்தியராகவும் இல்லை, அயலவராகவும் இல்லை. அவரே முதலில் எமக்கு அயலவரானார். அந்த வெட்கம் இன்னும் எம்மிடம் இருக்கிறது. அது இருப்பதும் நல்லதே. அதன்பின் குடியிருக்கப் போன எந்த இடத்திலும் முதற் கிழமையிலேயே இருபக்கத்து வீட்டுக்கும் போய்ப் பெயரைச் சொல்லிப் பெயரைக் கேட்டு வருவதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

அன்பான சகோதரிகளே, மேரி இரத்தினம் அவர்களைப் போல் நாடளாவிய இயக்கம் நடத்த எம்மில் எல்லோராலும் முடியாது. ஆனால் அவர் செய்ததன் தொடக்கம் மிக எளியது. போன இடத்தில் விருந்தாளியாக நில்லாமல் ஊராளாக மாறினார். அவ்விடத்துப் பெண்களுக்கு என்ன தேவை என்று பார்த்தார். சேர்ந்து செய்யக்கூடிய சிறு வேலையொன்றைக் கண்டுபிடித்தார். குளிர்தேசத்தில் மாடிவீட்டில் குடியிருப்பவருக்கும், ஊரில் மீள்குடியேறி வேலி அடைத்துக்கொண்டிருப்பவருக்கும் இது கைக்கெட்டியதே. பனி பொழிந்த காலையில் அடுத்த வீட்டு முதியவரின் படியையும் சேர்த்துத் துப்புரவாக்கலாம். பொங்கலன்று ஒரு கிண்ணம் மதிலுக்கு அப்பாலும் போகலாம்.

எமது பாடசாலையின் மதிலுக்கு வெளியேயும் அயலவர்கள் இருக்கிறார்கள். காலைப் பிரார்த்தனை ஒலியையும் இடைவேளைக் கூச்சலையும் நூறு ஆண்டுகளாகக் கேட்டுப் பொறுத்துக்கொண்ட வீடுகள் அவை. இடம்பெயர்ந்து மீண்ட நாட்களில் மேசை கதிரைகளைத் தேடிக் கொண்டுவந்து தந்த வீடுகளும் அவற்றில் உண்டு. நூற்றாண்டு விழாவுக்கு உலகெங்கும் அழைப்பிதழ் அனுப்பும் நாம், அந்த வீடுகளுக்கு நேரிலே போய் முதல் அழைப்பிதழைக் கொடுப்போமா? சங்கத்தினர் இதை மனமுவந்து ஏற்பர் என நம்புகிறோம். விழாவுக்கு நாம் வரும்போது அந்தப் படிகளில் ஏறும் பொறுப்பை எமக்குத் தருமாறும் கேட்டுக்கொள்கிறோம்.