சதுரங்கம் கண்ட சான்றோர் அல்பிரூனி

அறிவைத் தேடி நாடு கடந்தோர் பலர். போர் வலிந்து கொண்டுசென்ற இடத்திலும் அறிவையே தேடியோர் சிலர். அச்சிலருள் தலைசிறந்தவர் பேரறிஞர் அபூ ரைஹான் அல்பிரூனி. வானியலிலும் கணிதத்திலும் புவியியலிலும் அவர் ஆற்றிய பணிகளை உலகம் நன்கறியும். நம் நாட்டில் பிறந்த நாற்படை விளையாட்டாகிய சதுரங்கத்தின் வரலாற்றுக்கு அவர் அளித்த கொடை அத்துணை அறியப்படாதது. அதனை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகிறோம்.

இன்றைய உஸ்பெகிஸ்தானில் அடங்கியுள்ள குவாரிஸம் நாட்டில், காத் நகரையொட்டி, கி.பி. 973ஆம் ஆண்டு அவர் பிறந்தார். கணித மேதை அபூ நஸ்ர் மன்சூரிடம் இளமையிலேயே பயின்றார். 995இல் ஆட்சிப் பூசல் மூண்டதால் தாயகம் துறந்து அலைந்தார். பின்னர் குர்கான் நாட்டு மன்னர் காபூஸின் ஆதரவில் தங்கி, பல்வேறு சமூகங்களின் ஆண்டுக் கணக்குகளை ஆராயும் பெருநூலை ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் இயற்றினார்.

அந்நூலிலேயே சதுரங்கப் பலகை இடம்பெற்று விடுகிறது. முதற்கட்டத்தில் ஒரு தானியம், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என 64 கட்டங்களிலும் இரட்டித்துக்கொண்டே போனால் மொத்தம் எவ்வளவு என்பது பழைய புதிர். அதன் விடை 18,446,744,073,709,551,615 என்னும் 20 இலக்க எண். அல்பிரூனி 16ஐ அடுத்தடுத்து நான்கு முறை வர்க்கப்படுத்தி, ஒன்றைக் கழித்து, இவ்விடையை எளிதாக எட்டும் வழியைக் காட்டினார்.

அவர் காலத்துக்கு முன்பே சதுரங்கம் நெடும்பயணம் சென்றிருந்தது. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நான்கு உறுப்புகளையுடைய படையே அப்பெயரின் பொருள். ஏழாம் நூற்றாண்டில் பாணபட்டர் இயற்றிய ஹர்ஷ சரிதத்தில் இவ்விளையாட்டு குறிக்கப்படுகிறது. பாரசீகர் இதனைச் சத்ரங் என்றனர். அரபியர் ஷத்ரஞ்ச் என்றனர். ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் அல்அத்லீ, அஸ்ஸூலீ ஆகிய ஆட்ட மேதைகள் அரபியில் இதற்கெனத் தனி நூல்களே யாத்தனர்.

1017இல் கஜினி மஹ்மூத் குவாரிஸத்தை வென்றபோது, அல்பிரூனியும் பிற அறிஞரோடு கஜினிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். மஹ்மூதின் படைகள் இந்தியாவுக்குள் புகுந்த வழியே அவரும் பஞ்சாபுக்கு வந்தார். படைஞர் பொருள் தேடினர். இவரோ பண்டிதர்களை நாடி வடமொழி கற்றார். நந்தனா கோட்டையில் மலையின் உயரத்தையும் தொடுவானத்தின் தாழ்வையும் அளந்து, பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். 1030இல் இந்தியாவைப் பற்றிய தம் பெருநூலை முடித்தார். மஹ்மூதின் படையெடுப்புகள் இந்நாட்டின் வளத்தை அழித்தன என்றும், அதனாலேயே இந்நாட்டாரின் கலைகள் காசுமீரம், வாரணாசி போன்ற தொலைவிடங்களுக்கு ஒதுங்கின என்றும் அதில் அவர் ஒளிக்காது பதிவு செய்தார். அரசனை அண்டி வாழ்ந்தவர் இவ்வாறு எழுத எத்துணை நெஞ்சுரம் வேண்டும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இந்நூலில்தான், தம் நாட்டார் அறியாதது என்று கூறி, நால்வர் ஆடும் சதுரங்கத்தை அவர் விளக்குகிறார். பலகையின் நான்கு மூலைகளிலும் நான்கு படைகள் நிற்கும். இரண்டு பகடைகளை உருட்டி, விழும் எண்ணுக்கேற்பக் காய்களை நகர்த்துவர். யானை முன்னே ஒரு கட்டமும், நான்கு மூலைத் திசைகளில் ஒவ்வொரு கட்டமும் செல்லும். இவ்வைந்தும் துதிக்கைக்கும் நான்கு கால்களுக்கும் உரிய இடங்களாம். வெட்டப்படும் காய்க்கு மதிப்புண்டு: அரசனுக்கு 5, யானைக்கு 4, குதிரைக்கு 3, தேருக்கு 2, காலாளுக்கு 1. பந்தயப் பொருளில் அவரவர் பங்கு இக்கணக்கின்படி அமையும். நால்வர் ஆட்டத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய விளக்கங்களுள் இது முதன்மையானது.

இருவர் ஆடும் சதுரங்கமோ அரபியர் வழியே ஐரோப்பாவை அடைந்தது. யானையைக் குறிக்கும் அல்ஃபீல் என்னும் அரபுச் சொல் இசுபானிய மொழியில் அல்ஃபில் என இன்றும் ஒரு காயின் பெயராக வாழ்கிறது. 1780 அளவில் செருமானியரான ஹெல்விக் சதுரங்கத்தை விரித்துப் போர் விளையாட்டொன்றை வகுத்தார். 1824இல் பிரஷ்யப் படையில் அதிகாரிகளைப் பயிற்றவும் மற்றொரு போர் விளையாட்டு புகுந்தது. போரைப் பார்த்துப் பிறந்த விளையாட்டு, மீண்டும் போருக்கே பாடம் சொல்லச் சென்றது.

நம் ஏழாயிரம்பண்ணையும் போரின் விலையை அறிந்த மண். கட்டபொம்மனோடு சேர்ந்து நின்றமைக்காக 1799இல் ஆங்கிலக் கம்பெனி பறித்துக்கொண்ட பாளையங்களுள் இதுவும் ஒன்று. தென்னாட்டு மண்டபத் தரைகளிலும் திண்ணைகளிலும் ஆடுபுலி ஆட்டக் கோடுகள் இன்றும் காணக் கிடைக்கின்றன. மூன்று புலிகளைப் பதினைந்து ஆடுகள் சூழ்ந்து அடைக்கும் அவ்வாட்டமும் ஒரு படைநூலே. எளியோர் கூடி வலியோரை வெல்லும் உத்தியை அது கற்பிக்கிறது. அதன் விதிகளை ஊர்தோறும் உள்ள முதியோரே அறிவர்.

ஏறத்தாழ 1050ஆம் ஆண்டளவில் கஜினியில் அல்பிரூனி மறைந்தார். மஹ்மூதின் பேரரசும் பின்னர் அழிந்தது. பஞ்சாபில் அயலார் ஆடிய ஆட்டத்தை அருகிருந்து கேட்டு அவர் எழுதிய சில பத்திகள் இன்றும் நிற்கின்றன. அயல்நாட்டார் ஒருவர் நம் ஆட்டத்துக்குச் செய்ததை, நம் ஊர் ஆட்டங்களுக்கு நாம் செய்ய வேண்டாமா? விடுமுறையில் ஊர் செல்லும் மாணவச் செல்வங்கள் ஒரு குறிப்பேட்டுடன் தத்தம் பாட்டன் பாட்டியர் அருகே அமர வேண்டுகிறோம்.