மிட்ஜ்லியார் வரலாறு

சித்திரை வெய்யிலில் சின்ன காஞ்சிபுரத்துப் பட்டுக் கடையொன்றினுள் நுழைவோர், வாயிற்படி தாண்டியதும் மேனி குளிரக் காண்பர். அக்குளிர்ச்சி தரும் பொறியினுள் சுழலும் வாயுவின் குலமுதல்வர் யாவரென வினவின், நம்மில் விடை கூறுவோர் சிலரே. அவர் தாமஸ் மிட்ஜ்லி என்னும் அமெரிக்கர்.

மிட்ஜ்லியார் 1889ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாகாணத்திலே பிறந்து, 1911இல் கார்னெல் சர்வகலாசாலையில் இயந்திரப் பொறியியற் பட்டம் பெற்றார். இரசாயனம் அவர் தாமே முயன்று கற்றது. ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிச் சாலையில் கெட்டரிங் என்பாரின்கீழ்ப் பணியாற்றுங்கால், 1921இல் பெட்ரோலில் ஈயச் சேர்மமொன்றைக் கலந்து, இயந்திரம் தட்டித் தட்டி ஒலிப்பதை நிறுத்தினார். ஈயம் நஞ்சென்பது அவர் அறியாததன்று. தாமே அந்நோய்க்கு ஆளாகி ஓய்வு கொண்டவர். தொழிலாளர் சிலர் மாண்ட பின்னரும், 1924இல் பத்திரிகையாளர் முன் அத்திரவத்திற் கை கழுவிக் காட்டினார். இச்செயலை மன்னிக்க நாம் ஒருப்படோம்.

குளிர்வாயுவின் கதை வேறு. அக்காலத்துக் குளிர்பெட்டிகளில் அமோனியா, கந்தக டை ஆக்ஸைடு, மெத்தில் குளோரைடு ஆகியவை நிரம்பியிருந்தன. குழாய் கசியின், உறங்குங் குடும்பம் உறங்கியபடியே மடிதலும் உண்டு. அவ்வச்சத்தை நீக்கவே மிட்ஜ்லியார் 1928இல் கரியும் குளோரினும் புளோரினும் கூடிய வாயுவொன்றைக் கண்டார். அஃது எரியாது, நஞ்சுமன்று. 1930இல் அமெரிக்க இரசாயன சங்கத்தார் அவையில் அதனை நெஞ்சு நிறைய இழுத்து, மெழுகுவர்த்தியின்மேல் ஊதி அணைத்துக் காட்டினார்.

1940இல் இளம்பிள்ளை வாதம் அவரை முடக்கிற்று. படுக்கையினின்றும் எழுவதற்குக் கயிறும் கப்பியும் கொண்டு தாமே ஒரு பொறி அமைத்தார். 1944 நவம்பரில் அக்கயிறே கழுத்தில் இறுகி மாண்டு கிடந்தார், வயது 55.

தம் வாயு வானேறி என் செய்யுமென்பதை அவர் அறிந்திலர். எதனோடும் எளிதிற் சேராமை அதன் சிறப்பு, அதுவே குற்றமுமாயிற்று. கீழே சிதையாது மேலெழுந்து, ஞாயிற்றின் புறஊதாக் கதிரால் உடைந்து, குளோரினை விடுத்து ஓசோன் படலத்தை அரிக்குமென 1974இல் மோலினா, ரோலண்ட் என்னும் இருவர் உணர்த்தினர். மறு ஆண்டே, அவ்வாயு கரியமிலவாயுவினும் பன்மடங்கு வெப்பத்தைத் தேக்குமெனக் காட்டியவர் வீரபத்திரன் இராமநாதன். நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பயின்றவர். செகந்திராபாத்தில் குளிர்பெட்டித் தொழிற்சாலையொன்றிலே வேலை பார்த்தவர். மிட்ஜ்லியார் மறைந்த ஆண்டே இவர் பிறந்த ஆண்டென்பது நமக்கு வியப்பே.

1987இல் மாண்ட்ரீயல் உடன்படிக்கை எழுந்தது. 1992இல் இந்தியாவும் அதிற் சேர்ந்து, பின்னர் மிட்ஜ்லியாரின் வாயுவைக் கைவிட்டது. மாற்றாக வந்தவை ஓசோனை அரியாவெனினும் வெப்பத்தைத் தேக்குவனவே. அவற்றைக் குறைக்க 2016இல் கிகாலி நகரிற் செய்த திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது. பொறி பழுதாயின் உள்ளிருக்கும் வாயுவை வெளியே திறந்து விடாது கலத்திற் பிடித்து வைக்குமாறு, பழுது பார்ப்போர்க்கு இப்பொழுது பயிற்சி அளிக்கின்றனர்.