பண்டாரவன்னியனைத் தேடி மாங்குளம் பஸ்ஸில்

வவுனியா கச்சேரிக்கு முன்னால் நிற்கும் பண்டாரவன்னியன் சிலையை நம்மில் பலர் பஸ் யன்னலால் மட்டுமே பார்த்திருக்கிறோம். ஓகஸ்ட் 25 வந்தால் மாலை விழும், பேச்சு நடக்கும், அடுத்த நாள் பூ வாடிப்போகும். பள்ளிக்கூட நாடகத்தில் அட்டை வாளோடு வருகிறவனும் அவன்தான். இப்படி வருடத்துக்கு ஒரு நாள் நினைக்கப்படுகிற ஒருவனின் வாழ்க்கையை அவன் வாழ்ந்த நிலத்திலேயே போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன். சொந்த வாகனம் இல்லாததால் பஸ்ஸிலும் மீதியைக் காலாலும் போனேன்.

எனக்குத் தெரிந்து, நடைப்பயணத்துக்கென்று பலகை நட்டு வழி காட்டிய பாதை எதுவும் வன்னியில் இல்லை. மலைநாட்டில் உல்லாசப் பயணிகளுக்கு அதெல்லாம் உண்டு. நமக்கு இருப்பவை குளக்கட்டுகளும் வண்டில் பாதைகளும் வயல் வரம்புகளும். நடப்பதற்கு இவை போதும். மாங்குளம் சந்தியில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வீதி சுமார் 50 கிலோமீற்றர். ஒலுமடு, ஒட்டுசுட்டான், முள்ளியவளை, தண்ணீரூற்று என்று போய்க் கடலில் முடியும் அந்த ஒரே வீதியின் இரு பக்கத்திலும் பண்டாரவன்னியன் கதையின் பெரும்பகுதி கிடக்கிறது.

அவன் எப்படிப்பட்ட உலகத்தில் பிறந்தான் என்பதை முதலில் சொல்ல வேண்டும். வன்னிமைகள் என்பவை காட்டையும் குளத்தையும் நம்பி வாழ்ந்த சிறு ஆட்சிகள். பனங்காமம், முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி என்று பல பற்றுகள். 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் விழுந்த பிறகும் இவை விழவில்லை. போர்த்துக்கேயருக்கும், 1658க்குப் பிறகு ஒல்லாந்தருக்கும் வன்னியர் திறையாகக் கொடுத்தது யானை. கொடுத்தார்கள் என்பதை விட, கொடுக்காமல் இழுத்தடித்தார்கள் என்பதுதான் சரி. பனங்காமத்துக் கைலாயவன்னியன் யாழ்ப்பாணத்துக்கு நேரில் வந்து பணிய மறுத்தே காலத்தை ஓட்டியவன். கண்டியில் சிறைப்பட்டிருந்து 1679இல் தப்பிய ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் பின்னர் வெளியிட்ட நூலின் வரைபடத்தில், வடக்கே இருக்கிற இந்தப் பெரும் நிலப்பரப்பு கைலாயவன்னியன் நாடு என்றே குறிக்கப்பட்டிருக்கிறது.

ஒல்லாந்தர் பொறுமை இழந்தது 1780களில். நாகல் என்ற படை அதிகாரி வன்னியரைத் தோற்கடித்து, முல்லைத்தீவில் இருந்து வன்னியை நேரடியாக ஆண்டார். பரம்பரையாக வந்த வன்னிமை அதிகாரம் அத்தோடு பறிபோனது. 1795இல் ஆங்கிலேயர் வந்து ஒல்லாந்தரின் இடங்களைப் பிடித்தார்கள். மேலே இருந்தவர் மாறினார், பறித்தது திரும்பவில்லை. குலசேகரம் வைரமுத்து பண்டாரவன்னியன் இந்தக் காலத்து மனிதன். அவன் கண்டது, தன் முன்னோர் ஆண்ட காட்டில் இன்னொருவர் வரி கேட்கிற காலத்தை. காணி இழந்த ஒரு தலைமுறை எப்படி இருக்கும் என்று வன்னி வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1803 ஆங்கிலேயருக்குக் கெட்ட ஆண்டு. கண்டியைப் பிடிக்கப் போன அவர்களின் படை ஜூன் மாதம் அங்கேயே அழிந்தது. அந்தத் தருணத்தைப் பண்டாரவன்னியன் சரியாகக் கணித்தான். கண்டியின் ஆதரவோடு ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தான். உள்ளே இருந்த படை கடல் வழியாக யாழ்ப்பாணத்துக்கு ஓடியது. கண்டியோடு அவன் கொண்டிருந்த இந்தக் கூட்டை நமது மேடைப் பேச்சுகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. அன்று கண்டிச் சிம்மாசனத்தில் இருந்தவன் நாயக்கர் வம்சத்து ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். சிங்களப் பிரதானிகள், நாயக்க அரசன், வன்னித் தலைவன் ஆகியோர் ஒரே எதிரிக்கு எதிராக நின்ற ஆண்டு அது. இதைச் சொல்வதால் பண்டாரவன்னியன் சிறுத்துவிட மாட்டான். அரசியல் தெரிந்தவனாகத்தான் தெரிகிறான்.

முல்லைத்தீவில் இறங்கிக் கோட்டையைத் தேடுகிறவருக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. கடற்கரை கிடைக்கும். 2004 ஆழிப்பேரலையும் அதற்குப் பிறகு வந்த போரும் துடைத்த கரை. கோட்டையை விட அங்கே போகிற வழிதான் நடக்கத் தகுந்தது. முள்ளியவளையில் இறங்கி வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வரை நடக்கலாம். வைகாசிப் பொங்கலுக்குச் சனம் கால்நடையாகப் போகிற வழி என்பதால் புதிதாய்ப் போகிறவருக்கும் தடுமாற்றம் இல்லை. கோயிலுக்கு அப்பால் நந்திக்கடல். காலையில் போனால் தண்ணீரின் ஓரத்தில் நாரையும் செங்கால் நாரையும் நிற்கும். அந்த நீரைப் பறவை பார்க்கிற இடமாக மட்டும் பார்க்க நம்மால் முடியாது. 2009 மே மாதத்தில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்தவர்கள் பலர் இதைப் படிப்பார்கள். நான் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை.

பண்டாரவன்னியனின் வெற்றி இரண்டு மாதம் நீடித்தது. ஆங்கிலேயர் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று பக்கத்தாலும் படை அனுப்பினார்கள். வொன் ட்றிபேர்க் என்ற தளபதியின் படை ஒக்டோபர் 31 விடிய முன்னமே கற்சிலைமடுவை வந்தடைந்தது. ஒட்டுசுட்டானுக்கு அருகே உள்ள ஊர் அது. மாங்குளம் பஸ்ஸில் நடத்துநரிடம் சொல்லி வைத்தால் இறக்கி விடுவார். ஒக்டோபர் கடைசி என்றால் வன்னியில் மழை தொடங்குகிற காலம். ஆறுகள் இறங்கத் தொடங்கும், காட்டுப் பாதை சேறாகும். அந்தக் காட்டுக்குள்ளால் ஒரு படை ஓசையில்லாமல் வந்து சேர்ந்தது என்றால் வழி தெரிந்த ஆட்கள் கூட வந்திருக்க வேண்டும் என்று அங்கே நடக்கிற எவருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

காக்கைவன்னியன் கதை பிறந்ததும் இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். பண்டாரவன்னியனைக் காட்டிக்கொடுத்தவன் காக்கைவன்னியன் என்பது வன்னியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கலைஞர் மு. கருணாநிதியின் நாவல் அதைத் தமிழ்நாடு வரை கொண்டுபோனது. ஆனால் காக்கைவன்னியன் என்ற பெயர் யாழ்ப்பாண வைபவமாலையிலேயே இருக்கிறது. அங்கே அவன் ஊர்காவற்றுறைக்காரன், சங்கிலி மன்னனைப் போர்த்துக்கேயருக்குக் காட்டிக்கொடுத்தவன். அதாவது பண்டாரவன்னியனுக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முந்தியவன். ஒரே துரோகி இரண்டு அரசர்களுக்குத் துரோகம் செய்திருக்க முடியாது. ஒரு தோல்வியின் துரோகியை எடுத்து இன்னொரு தோல்விக்குப் பொருத்திவிட்டோம் என்றே எனக்குப் படுகிறது. மூன்று பக்கத்தால் வந்த படை, பீரங்கி, கடல் வழி, யாழ்ப்பாணத்தில் இருந்தும் திருகோணமலையில் இருந்தும் வந்துகொண்டே இருக்கக்கூடிய உணவும் மருந்தும் என்று ஒரு தோல்விக்குப் பல காரணம் இருக்கும். அவற்றையெல்லாம் கணக்கெடுப்பதை விட ஒரு பெயரைச் சொல்லிக் காறித் துப்புவது சுலபம். இந்தப் பழக்கம் 1803ஓடு நின்றுவிடவில்லை என்பதும், அதனால் எத்தனை வீடுகள் இன்னும் அயலோடு பேசாமல் இருக்கின்றன என்பதும் இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும்.

கற்சிலைமடுவில் அவன் தோற்றதைக் குறித்து ஆங்கிலேயர் பிற்காலத்தில் ஒரு கல் நட்டார்கள். வென்றவன் நட்ட கல்தான். ஆனால் நமக்கு அந்த இடத்தைக் காட்டித் தந்ததும் அதுவே. தோற்கடித்ததைப் பற்றித்தான் அந்தக் கல் பேசுகிறது, கொன்றதைப் பற்றி இல்லை. போர் முடிந்த பிறகு அந்தக் கல்லும் உடைக்கப்பட்டது. பின்னர் அங்கே நினைவிடம் மறுபடியும் எழுந்தது. ஊரில் நான் கதைத்த ஒரு ஐயா, இடம்பெயர்ந்து மெனிக்பாம் முகாமில் இருந்த காலத்தில் தன் வளவின் வேலியை விட அந்தக் கல் நிற்குமா என்றுதான் யோசித்ததாகச் சொன்னார். நம்பக் கஷ்டமாக இருந்தது, ஆனால் அவர் சொன்ன விதத்தில் பொய் இல்லை.

அங்கிருந்து அடுத்த நடைக்கு ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயிலடியால் முத்தையன்கட்டுக் குளத்துக்குப் போகலாம். குளக்கட்டில் ஏறினால் ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் வயல். மருத மரம், பாலை, வீரை எல்லாம் அலைகரைப் பக்கம் நிற்கும். பாலைப்பழக் காலத்தில் போனால் வழியில் யாராவது ஒரு பேணி நிறையத் தருவார்கள். பண்டாரவன்னியன் பெற்ற சோற்றுப்பலம் இப்படியான குளங்களால் வந்தது. கோட்டை பிடித்த நாளை நினைக்கிறோம், அந்தப் படைக்கு நெல் விளைவித்தவர்களை எந்த ஏட்டிலும் நான் காணவில்லை.

நடக்கிறவர்களுக்குச் சில விடயம் கட்டாயம் சொல்ல வேண்டும். மிதிவெடி அகற்றும் வேலை வடக்கில் இன்னும் முற்றாக முடியவில்லை. மண்டையோட்டுப் பலகை இல்லை என்பதற்காக ஒரு காடு பாதுகாப்பானது என்று அர்த்தம் இல்லை. ஊர்ச்சனம் நாளாந்தம் புழங்குகிற பாதையை விட்டுக் கால் வைக்க வேண்டாம், துருப்பிடித்த எதையும் தொட வேண்டாம். யானை இன்னொரு பயம். ஒரு காலத்தில் திறையாகப் போன யானை இப்போது வயலுக்கு வருகிறது. காலை ஏழுக்குப் பிறகு தொடங்கி பின்னேரம் நாலுக்கு முதல் வீதிக்கு வந்துவிடுங்கள். படை முகாம் வேலியையோ, வனத் திணைக்களத்தின் எல்லைக்கல்லையோ கண்டால் ஊராட்களிடம் கேட்டுவிட்டுத் தொடருங்கள். நேற்று வரை மாடு சாய்த்த பாதை இன்று எல்லைக்குள் போயிருக்கலாம். அந்தக் கல்லுக்கு இங்கால் நிற்கிற பாதைகளில் யாரும் நடக்காமல் விட்டால் அவையும் காடு மூடிப் போகும், பிறகு அங்கே ஒரு பாதை இருந்தது என்று காட்ட எவராலும் முடியாது.

கற்சிலைமடுவில் பண்டாரவன்னியன் சாகவில்லை. காட்டுக்குள் தப்பியவன் சில ஆண்டுகள் அங்குமிங்கும் இருந்து மறுபடி முயன்றான் என்றும், கடைசிச் சண்டையில் பட்ட காயத்தால் 1811 அளவில் பனங்காமத்தில் இறந்தான் என்றும் ஒரு வழக்கு உண்டு. நாடகமும் நாவலும் கேட்கிற வீரச்சாவை விட எனக்கு இந்த முடிவுதான் பிடித்திருக்கிறது. கோட்டை போய், கண்டியின் கை தளர்ந்து, கூட நின்றவர்கள் கலைந்த பிறகும் ஏழெட்டு ஆண்டுகள் ஒரு மனிதன் காட்டில் என்ன செய்தான், யார் அவனுக்குச் சோறு போட்டார்கள், யார் கதவைச் சாத்தினார்கள்? அதைப் பற்றி நாடகம் எழுத ஆள் வேண்டும்.

பனங்காமத்துக்குப் போக மாங்குளத்தில் இருந்து மேற்கே மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் போகிற பஸ் பிடிக்க வேண்டும். வவுனிக்குளத்தின் கட்டையும் அதே பயணத்தில் நடந்து பார்க்கலாம், பழங்காலத்துப் பெருங்குளம் அது. தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் எடுத்துப் போங்கள், வழியில் கடை குறைவு. திரும்புகிற கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு வையுங்கள்.