தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் அம்மையார்

தென்காசி ஸ்டேஷனில் பொதிகை எக்ஸ்பிரசுக்குக் காத்து நிற்கும் கூட்டத்தைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். ஸ்கேன் படங்கள் அடங்கிய பெரிய உறையை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருப்பார். மார்பில் புற்றுநோய் வந்து, ஆபரேஷன் செய்து பிழைத்தவர். மறு பரிசோதனைக்காகச் சென்னை அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போகிறார். அந்த ஆஸ்பத்திரியை உண்டாக்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர்; தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் கல்லூரியில் பெண் படிப்பதா என்று ஊரார் எதிர்த்தார்கள். புதுக்கோட்டை மன்னர் அனுமதி கொடுத்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். பிற்பாடு சென்னைச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினரானதும், தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டதும், அவ்வை இல்லம் கண்டதும் நேயர்கள் அறிந்த சங்கதிகள்.

தவறிய கணிப்பு

அதிகம் பேசப்படாதது 1923-ல் நடந்தது. அம்மையாரின் தங்கைக்கு வயிற்றுக் கோளாறு. சீதபேதி என்று எண்ணி வைத்தியம் நடந்தது. உண்மையில் அது மலக்குடலில் வந்த புற்றுநோய். தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. டாக்டரான அக்காள் பக்கத்தில் இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை.

1925-ல் மேல்படிப்புக்காக லண்டன் சென்ற அம்மையார், அங்கே புற்றுநோய்க்கென்றே ஆஸ்பத்திரி இருப்பதைக் கண்டார். 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில், நம் நாட்டிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று பேசினார். எப்படியும் சாகப்போகிறவர்களுக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று அதிகாரத்தில் இருந்தவர்களே கேட்ட காலம் அது. அம்மையார் சளைக்கவில்லை. நன்கொடை திரட்டினார், 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ந் தேதி 12 படுக்கைகளுடன் ஆஸ்பத்திரி திறந்தது. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள்.

சீசன் முடியட்டும்!

இனி தென்காசி அம்மாளிடம் வருவோம். கட்டியை எடுத்தாயிற்று, உடம்பும் தேறிவிட்டது, இன்னும் ஏன் அலைய வேண்டும் என்று வீட்டில் கேட்பார்கள். குற்றாலத்தில் கடை வைத்திருப்பவராக இருந்தால் கேட்கவே வேண்டாம். சாரல் விழும் மூன்று மாத வரும்படிதான் வருஷம் முழுவதும் சோறு போடுகிறது. சீசன் முடியட்டும் என்பார். பிறகு தீபாவளி வந்துவிடும்.

மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளில்தான் திரும்பத் தலைகாட்டும். சில வகைகள் பத்து, பதினைந்து ஆண்டு கழித்தும் வருவதுண்டு. ஆகவே முதலில் சில மாதங்களுக்கு ஒரு முறையும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் டாக்டரைப் பார்க்கவேண்டும். மற்ற மார்பையும் ஆண்டுதோறும் மேமோகிராம் எடுத்துப் பார்ப்பார்கள். எலும்பில் விடாத வலி, மூச்சு இரைப்பு, புதுக் கட்டி, கை வீக்கம் இவற்றில் எது கண்டாலும் குறித்த தேதிவரை காத்திருக்கக் கூடாது. ஐந்தாண்டு சாப்பிடச் சொன்ன மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது.

அதே சமயம், எல்லாருக்கும் எல்லா ஸ்கேனும் வேண்டியதில்லை. நோய்க்குறி ஏதும் இல்லாதவருக்கு உடம்பு முழுதும் படம் எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை என்பதே ஆராய்ச்சியாளர் முடிவு. இந்தச் சோதனை எனக்கு எதற்காக என்று டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம். சங்கோசப்பட்டுக்கொண்டு வாய் திறக்காமல் திரும்பும் பெண்களே நம் பக்கத்தில் அதிகம்.

முத்துலட்சுமி அம்மையார் 1968 ஜூலை 22-ல், 82-வது வயது நிறைய எட்டு நாள் இருக்கும்போது காலமானார். டாக்டர் சாந்தா 2021-ல் மறையும்வரை அந்த ஆஸ்பத்திரி வளாகத்திலேயே வசித்து வந்தார்.